வேதாரண்யத்துக்கு எந்த மாதம் வருகிறீர்கள்?

வேதாரண்யத்துக்கு வரலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம்? லாட்ஜ், சாப்பாடு, வண்டி எல்லாம் அப்புறம். இங்கே ஒரே இடம் மே மாதத்தில் வெள்ளை வெளேரென்று உப்பாக இருக்கும், டிசம்பரில் தண்ணீரும் பறவையுமாக இருக்கும். அது தெரியாமல் வந்து, "ஒண்ணுமே இல்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு அன்று மத்தியானமே வேளாங்கண்ணிக்கு வண்டியைத் திருப்பியவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.

நான் பிறந்தது ஆயக்காரன்புலம், வாழ்க்கைப்பட்டது வேதாரண்யம். மாமனார் காலத்திலிருந்து வீட்டில் கொஞ்சம் உப்பளம் உண்டு. கொழுந்தனார் பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். லீவு கிடைத்தால் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். சமைத்துப் போடுவதும் என் வேலை, ஊரைச் சுற்றிக் காட்டுவதும் என் வேலை. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்ததை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கடற்கரை ஆசையை இறக்கி வைத்துவிடுங்கள். கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் சன்னதி கடலில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆயிரக்கணக்கான பேர் முழுக்குப் போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அது புண்ணியத்துக்குக் குளிப்பது, குதூகலத்துக்கு அல்ல. கடல் ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும், காலடியில் சேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் தலைமேல் கரை ஏறியதே, அதற்குப் பிறகு சேறு இன்னும் அதிகமாகப் படிந்தது. அலையில் விளையாட வேண்டும் என்றால் வேறு ஊர் பார்க்கலாம். சுண்டல் வண்டி, குதிரை சவாரி, ராட்டினம் எதுவும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, மாதக் கணக்குக்கு வருவோம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் உப்பு வேலை நின்றுவிடும். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர். அந்தத் தண்ணீர்தான் பறவைகளைக் கூட்டிவரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பக்கத்தில் இருக்கும் கோடியக்கரையின் சதுப்பில் பூநாரையும் உள்ளானும் கூழைக்கடாவும். மழை விட்டு, நிலம் காய்ந்து, பாத்தியைச் சரிசெய்து பிப்ரவரி வாக்கில் உப்பு வேலை மறுபடி ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏற உப்பும் ஏறும். ஏப்ரல், மே, ஜூன் உச்சம். செப்டம்பர் வரை ஓடும். மான் வருஷம் முழுக்க உண்டு, ஆனால் கோடையில் புல் தாழ்ந்திருப்பதால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். கோடியக்கரையில் மீன்பிடி சீசன் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. வெளிமாவட்ட மீனவர்கள் படகோடு வந்து குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை ஆமைகள் கரையேறி முட்டையிடும்.

வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் பிப்ரவரி பின்பாதியில் வாருங்கள். பறவை முழுசாகக் கிளம்பியிருக்காது, உப்பு வேலை தொடங்கியிருக்கும், மாசித் திருவிழாவும் அதையொட்டி வரும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். நவம்பர் மட்டும் வேண்டாம். பறவைக்கு நல்ல மாதம்தான், ஆனால் டிவியில் புயல் சின்னம் என்று சொன்னதும் நாங்களே ஜன்னலைக் கட்ட ஆரம்பித்துவிடுவோம். உங்களை எங்கே வைத்துக் கவனிப்பது?

உப்பளம் பார்ப்பது எப்படி

வேதாரண்யம், அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் என்று உப்பளம் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து இங்கேதான் உப்பு அதிகம் விளைகிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் ரோட்டில் ஊரைத் தாண்டியதுமே கண்ணில் படும். பலர் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியலான அம்பாரத்தோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது பார்த்ததாகாது.

விடியும் முன்னே வர வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் அங்கே பாதி வேலை முடிந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் கீழேயிருந்தும் மேலேயிருந்தும் அடிக்கிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது என்பதால் இருட்டிலேயே இறங்குகிறார்கள். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் நீங்கள் பார்க்கப்போவது வெறும் வெள்ளைதான், ஆள் இருக்க மாட்டார்கள்.

வரப்பில் நின்று பார்த்தால் பாத்திகள் ஒன்றுபோல் இல்லை என்பது தெரியும். முதலில் பெரிய தேக்கம். அடுத்து காய்ச்சும் பாத்திகள், அதில் தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி மாறி வெயிலில் சுண்டும். கடைசியில்தான் உப்பு இறங்கும் சின்னப் பாத்தி. தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று அளக்கும் போமே கருவியில் கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். இருபத்தைந்தைத் தொட்டால்தான் உப்பு உறையத் தொடங்கும். மாமனார் கருவியைத் தொட்டதே கிடையாது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, விரலில் தொட்டுத் தடவிப் பார்த்து, "நாளைக்கு இறங்கும்" என்பார். இறங்கும். தண்ணீர் ரொம்பக் கெட்டியாகிவிட்டாலும் ஆபத்து. இருபத்தொன்பது, முப்பது டிகிரிக்கு மேல் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும். அந்தக் கசப்புத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும்.

ஒன்றைக் குனிந்து பாருங்கள். உப்பு முதலில் தண்ணீரின் மேலேதான் பூக்கும். பால் ஆறும்போது கட்டும் ஆடை போல மெல்லிசாக, காற்றுக்கு நகர்ந்து பாத்தியின் ஒரு மூலையில் ஒதுங்கும். கனம் கூடியதும் அடியில் உட்கார்ந்து அங்கே பெரிதாகும். கையில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் நாலு பக்கமும் படி வைத்தது மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நீளக் கழியின் முனையில் பலகை அடித்து, அதை இழுத்து இழுத்து வாருவார்கள். பலகை அடிமண்ணைச் சுரண்டிவிட்டால் உப்பு கறுத்துவிடும், விலை போகாது. அதற்காகத்தான் சீசன் தொடக்கத்தில் பாத்தியின் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்து சிமெண்டு மாதிரி இறுக வைக்கிறார்கள். வாரியதை வரப்பில் குவித்து, தண்ணீர் வடிந்ததும் மேட்டுக்குக் கொண்டுபோய் அம்பாரமாகக் கொட்டி, மழை வந்தால் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுவார்கள்.

சில பாத்திகள் இளஞ்சிவப்பாகத் தெரியும். யாரோ சாயம் கலந்துவிட்டதாக நினைக்காதீர்கள். உப்பு கெட்டியாக இருக்கும் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது.

மரியாதை பற்றிச் சில வார்த்தை. உப்பளம் யாரோ ஒருவருடைய நிலம், அங்கே வேலை நடக்கிறது. முதலில் மேட்டில் இருக்கும் ஆளிடம், "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கிட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். வரப்பிலேயே நடங்கள், பாத்தியில் கால் வைக்காதீர்கள். ஷூ போட்ட கால் ஒன்று இறங்கினாலும் மிதித்து இறுக்கிய தரை உடைந்துபோகும். வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காலில் வெடிப்பில்லாத, உப்பு அரிக்காத ஆள் அங்கே ஒருவர்கூட இருக்க மாட்டார். அந்தக் காலை அருகில் வைத்துப் படம் எடுத்து ரீல்ஸ் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை, சொல்லிவிட்டேன்.

1930

உப்பளம் பார்த்த கையோடு அகஸ்தியன்பள்ளி நினைவுத் தூணுக்குப் போங்கள். பக்கம்தான். 1930 ஏப்ரல் 13 அன்று உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு கிளம்பினார். தஞ்சை மாவட்டத்தில் அவர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். சோறு போடத்தானே கூடாது என்று, அவர்கள் போகும் வழியில் மரக்கிளைகளில் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் ஜனங்கள். ஏப்ரல் 28 வேதாரண்யம் வந்து, 30 அன்று உப்பு அள்ளிக் கைதானார். தூணைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும், அது வெறும் தூண்தான். ஆனால் ஏப்ரல் கடைசியில் வந்தீர்களானால், அவர்கள் அள்ளியது எப்படிப்பட்ட உப்பு, எப்படிப்பட்ட வெயில் என்பது தானாகப் புரியும். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 30 அன்று இங்கே உப்பு அள்ளி அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

இந்த ஊர்க்காரர் வேதரத்தினம் பிள்ளைதான் இங்கே எல்லா ஏற்பாட்டையும் செய்தவர். சிறை போனார், சொத்தும் பறிபோனது. சர்தார் என்ற பட்டம் அதற்குப் பிறகு வந்தது. 1946இல் அவர் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ராஜாஜி கதை இல்லை, வைரப்பன் கதை. சவரத் தொழிலாளி. ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, அவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியை வைத்துவிட்டார். மீதியையும் முடி என்று மிரட்டியும் முடியாது என்று சொல்லிச் சிறைக்குப் போனார். பாதி மழித்த முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் ஊருக்குள் எப்படி நடந்து போனார் என்பதை என் மாமியார் நடித்தே காட்டுவார்.

கோயில்

வேதாரண்யேசுவரர் கோயிலுக்குக் காலையிலோ சாயங்காலமோ போங்கள், மத்தியானம் நடை சாத்தியிருக்கும். வேதங்கள் பூசை செய்து அடைத்துவிட்டுப்போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்பது கதை. அதில் எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த இடம். அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாடிய பிறகுதான் கதவு திறந்தது. சம்பந்தருக்கோ ஒரே பாட்டில் மூடிக்கொண்டது. அதை நினைத்து அப்பர் மனம் நொந்தாராம். வயசானவர், பாவம். மாசித் திருவிழாவில் இந்தக் கதவு திறந்து அடைப்பதை நடத்திக் காட்டுவார்கள்.

உள்ளே கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சுவாமியும் அம்மனும் மணக்கோலத்தில் இருப்பார்கள். கூட்டத்தில் பார்க்காமலேயே வந்துவிடுவார்கள் பலர், அதனால் சொல்கிறேன். அம்மன் பெயர் யாழைப்பழித்த மொழியாள். அவள் பேச்சின் இனிமைக்கு முன்னால் வாசிக்க வெட்கப்பட்டு, இந்தக் கோயிலில் சரஸ்வதி கையில் வீணை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். தேடிப்பிடித்துப் பாருங்கள். திருவாரூர்த் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். அணையப்போன விளக்கின் திரியைத் தூண்டிய எலி அடுத்த பிறவியில் மகாபலியாகப் பிறந்தது என்ற கதையும் இந்தக் கோயிலுடையதுதான். இன்னொரு விஷயம், கோயிலின் பரம்பரை அறங்காவலர் யாழ்ப்பாணத்து வரணி ஆதீனம். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு காலத்தில் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கோடியக்கரை

ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் பஸ்ஸில் போனால் கரையில் இறங்கி நிற்பீர்கள், காட்டுக்குள் சுற்ற முடியாது. சொந்த வண்டி இல்லாவிட்டால் ஊரிலேயே ஒரு ஆட்டோவோ காரோ அரைநாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். வனத்துறை அலுவலகத்தில் நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, பூநாரை இன்று எந்தப் பக்கம் என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள். அவர்கள் சொல்வதுதான் அன்றைய நிலவரம், போன வருஷம் யாரோ எழுதியதை நம்பிப் போகாதீர்கள்.

1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள், முக்கியமாக வெளிமானுக்காக. தமிழ்நாட்டில் கிண்டி, வல்லநாடு, மோயாற்றுப் பக்கம் என்று அது இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். கிடா கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் முறுக்கிய கொம்புமாக இருக்கும். பெட்டை வெளிர் பழுப்பு, கொம்பு இருக்காது. காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் புல்வெளிப் பக்கம் போங்கள். வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, இறங்காமல் இருந்தால் அவை பாட்டுக்கு மேயும். கதவைத் திறந்த சத்தம் கேட்டதோ, போயிற்று. முதலில் ஒன்று நாலு காலையும் ஒருசேரத் தூக்கி எழும்பும், அடுத்து மொத்தக் கூட்டமும் எழும்பி எழும்பி ஓடும். மான் கூடவே மட்டக்குதிரைகளும் திரியும். யாரோ எப்போதோ விட்டுப்போனவற்றின் வம்சம், யாருக்கும் சொந்தமில்லை. குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள். போட்டுப் பழக்கிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், அதன் பிறகு அது எங்கள் பையைப் பிடுங்கும்.

பூநாரை விஷயத்தில் ஒன்று. படத்தில் பார்க்கிற மாதிரி பக்கத்தில் வந்து நிற்காது. சதுப்பின் நடுவில், தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பைனாகுலர் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோடு ஆயிரம் கழுத்தாகப் பிரியும், ரெக்கை விரித்தால் சிவப்பு தெரியும். பைனாகுலர் இல்லாமல் பூநாரைக்கென்று வராதீர்கள், கடன் வாங்கியாவது கொண்டுவாருங்கள். மழை எப்படிப் பெய்தது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து வருஷத்துக்கு வருஷம் கூட்டம் கூடும், குறையும். அதைப் பற்றி யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. உள்ளான்கள் மட்டும் ஏமாற்றாது. சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் சின்னப் பறவைகள், சைபீரியப் பக்கத்திலிருந்தெல்லாம் வருகின்றன. இந்தச் சதுப்பு 2002இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது இவற்றையெல்லாம் வைத்துத்தான்.

ராமர் பாதம் என்று ஒரு மேடு. கடல் மட்டத்துக்கு நாலு மீட்டர்தான் இருக்கும், ஆனால் இந்தச் சமவெளியில் அதுவே மலை. சுற்றிலும் காடும் சதுப்பும் ஒரே பார்வையில் தெரியும். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தாராம். நாமும் அந்தத் திக்கைப் பார்க்கலாம், நேர்க்கோட்டில் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான்.

சரித்திர நாவல் படித்துவிட்டுக் கோடியக்கரைக் கலங்கரை விளக்கம் எங்கே என்று கேட்டு வருபவர்கள் நிறைய. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. கரையோரம் செங்கல் மிச்சம்தான் இருக்கிறது. நிமிர்ந்து நிற்பதெல்லாம் பின்னால் கட்டியவை. ஏமாந்துபோக வேண்டாம், அந்த வழியிலேயே இருக்கும் குழகர் கோயிலுக்குப் போய்விடுங்கள். சுந்தரர் வந்து, இப்படிக் கடற்காற்று அடிக்கும் இடத்தில் துணையில்லாமல் தனியாக ஏன் இருக்கிறீர் என்று சாமியிடமே கேட்ட கோயில். காடு அடர்ந்த அந்தப் பக்கம் இன்றைக்கும் அதே கேள்வியைக் கேட்கத் தோன்றும்.

மீன்பிடி சீசனில் வந்தால் காலையில் படகு கரை சேரும் நேரத்தில் கரையில் நில்லுங்கள். காலா, வாவல், திருக்கை, நண்டு என்று மணலிலேயே ஏலம் போகும். ஏலத்தில் கைநீட்டாதீர்கள். ஏலம் எடுத்தவரிடம் சில்லறையாகக் கேட்டால் கொடுப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது ஊரில் மீன் விலை கேட்டால் மயக்கம் வரும்.

கோடியக்கரையில் நல்ல சாப்பாட்டுக்கடையை நம்ப வேண்டாம். குடிதண்ணீரும் காலை இட்லியும் வேதாரண்யத்திலேயே கட்டிக்கொண்டு போங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். தங்குவதற்கு வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், காலை மான் பார்க்க அதைவிட வசதி கிடையாது. கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் சாதாரண லாட்ஜுகள் உண்டு. குளிர்சாதனம், நீச்சல்குளம் என்று கேட்டால் வேளாங்கண்ணியில் தங்கிவிட்டு விடிகாலையில் கிளம்பி வாருங்கள்.

வருவதும் போவதும்

நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் பஸ் நாள் முழுக்க உண்டு. நேரம் இருந்தால் ரயிலில் வாருங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரைக்கும் 37 கிலோமீட்டர், அகலப்பாதையாக்கி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை என்று நின்று நின்று வரும். வண்டி குறைவு, ஒன்றை விட்டால் அடுத்தது வரப் பாதிநாள் போய்விடும். வருகிற நேரம், திரும்புகிற நேரம் இரண்டையும் பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

மே மாதம் வருபவர்கள் ஆயக்காரன்புலம் மாதிரி 'புலம்' என்று முடியும் எங்கள் பக்கத்து ஊர்களில் மாம்பழம் கேளுங்கள். கஜாவில் போன தோப்புகள் போக, மறுபடி வளர்த்தவை காய்க்க ஆரம்பித்திருக்கின்றன. ரோட்டோரம் கூடையில் வைத்திருப்பார்கள். கல்வைத்துப் பழுத்ததா என்று சந்தேகம் இருந்தால் காம்புப் பக்கம் மோந்து பாருங்கள், மணம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம் பக்கம் முல்லை பறிக்கும் வேலை விடிகாலையில் நடக்கும். மொட்டாகப் பறித்ததைக் காலையிலேயே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் சாயங்காலம் சென்னைக்குப் போகும் வழியில் வண்டிக்குள்ளேயே பூத்துவிடும். கல்லுப்பு வேண்டுமென்றால் அம்பாரத்திலிருந்து அள்ளிக்கொள்ளாதீர்கள், அது வியாபாரத்துக்கு ஏற்றுமதியாகும் சரக்கு. கடைத்தெருவில் கேட்டு வாங்குங்கள், ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் நன்றாக இருக்கும். அதில் ஈரம் இருக்கும், காரின் டிக்கியில் கீழே பேப்பரும் பிளாஸ்டிக் தொட்டியும் வைத்து ஏற்றுங்கள். சும்மா சாக்கோடு போட்டால் தகரம் துருப்பிடித்துவிடும்.